ஆளில்லாத ஆபீஸில் ஓடிய ஸ்டிக்கர் மெஷின்

2023 தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார். "சார், ஆபீஸ்ல ஆரும் இல்லீங்க. ஆனா அந்த ஸ்டிக்கர் மெஷின் தானா ஓடீட்டே இருக்குதுங்க. ரோல் பூராம் தீந்துபோச்சுங்க." அட்டைப்பெட்டியில் ஒட்டுகிற பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கும் பிரிண்டரைத்தான் சொல்கிறார். சனிக்கிழமை ராத்திரி யாரோ பிரிண்ட் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள், ஆஃப் பண்ணிவிடுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்தேன். ஐந்து நிமிடத்தில் அவரே ஒரு ஸ்டிக்கரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உள்ளங்கை அளவு ஸ்டிக்கரில் பாதி வெட்டுப்பட்ட ஆங்கில வரிகள். உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன என்பதுவரை ஒரு ஸ்டிக்கரில். பணம் எப்படிக் கட்டுவது என்பது அடுத்த ஸ்டிக்கரில். கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல்.

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஐ.டி. பொறுப்பு எனக்கு. இரண்டு யூனிட், 110 கம்ப்யூட்டர், இரண்டு சர்வர், பேக்கப்புக்கு ஒரு நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்ட் டிஸ்க் பெட்டி. ஐ.டி. டிபார்ட்மென்ட் என்றால் நானும் ஒரு ஸ்க்ரூடிரைவரும். அப்போது அங்கே சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. என்னைப் போல ஒற்றை ஆளாக ஒரு கம்பெனியின் மொத்த நெட்வொர்க்கையும் தலையில் சுமப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஆறரைக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். சர்வர் ரூம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு ரேக், ஒரு ஏசி. திரையில் ஒவ்வொரு ஃபைலின் வாலிலும் புரியாத ஆறெழுத்து ஒட்டியிருந்தது. நாஸைத் திறந்தேன், அங்கேயும் அதே ஆறெழுத்து. கை நடுங்கியது. பதற்றத்தில் இரண்டு சர்வரின் பவர் பட்டனையும் அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். அதுதான் அன்றைய முதல் தப்பு. பிடுங்க வேண்டியது நெட்வொர்க் கேபிளை. கரண்டை நிறுத்தினால் மெமரியில் இருக்கும் தடயம் எல்லாம் போய்விடும், சில சமயம் பூட்டைத் திறக்கும் சாவியே அதில் கிடைக்கலாம் என்று பின்னால் உதவிக்கு வந்தவர் சொன்னார். சுவிட்சிலிருந்து கேபிளை உருவி, இன்டர்நெட் மோடத்தைத் துண்டித்து, மெஷினை அப்படியே ஓடவிட வேண்டும். கேபிளைப் பிடுங்கவே வழியில்லை என்றால் மட்டும் அணைக்கலாம். நான் செய்த இன்னொரு கோமாளித்தனம், யூனிட் 2-இல் என்ன நிலவரம் என்று பார்க்க அங்கேயும் அதே அட்மின் பாஸ்வேர்டைப் போட்டு லாகின் செய்தது. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போதே அவன் கண்ணெதிரில் பீரோ சாவியை எடுத்துக் காட்டுவது மாதிரி.

அவர்கள் எப்படி வந்தார்கள் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. தெரிந்தபிறகு அழுகைதான் வந்தது. பூட்டை உடைத்து வரவில்லை. நான் கொடுத்து மறந்துபோன சாவியோடு வந்திருக்கிறார்கள்.

கதை 2017-இல் தொடங்குகிறது. புது ஜெராக்ஸ் மெஷின் வாங்கினோம். ஸ்கேன் செய்தால் நேராக சர்வரில் உள்ள ஃபோல்டரில் போய் விழ வேண்டும். அதற்காக 'ஸ்கேன்' என்றே ஒரு யூசர் உருவாக்கினேன். எவ்வளவு முயன்றும் அனுமதி இல்லை என்றே காட்டியது. மெஷின் மாட்ட வந்த பையன், "அட்மின் ரைட்ஸ் குடுத்துருங்கண்ணா, போயிரும்" என்றான். டொமைன் என்பது கம்பெனியின் எல்லா மெஷினையும் யூசரையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் ஏற்பாடு. அதில் முழு அதிகாரமும் உள்ள டொமைன் அட்மின்ஸ் குழுவில் சேர்த்தேன், போனது, இருவரும் டீ குடிக்கப் போனோம். பாஸ்வேர்டு அந்த யூசர் பெயரோடு 123 சேர்த்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. ஒரு காகிதத்தை ஸ்கேன் செய்து சேமிக்க, மொத்தக் கம்பெனியின் மாஸ்டர் சாவி. ஆறு வருடம் அது அப்படியே கிடந்தது.

இரண்டாவது ஓட்டை 2020 மார்ச். ஊரடங்கு அறிவித்ததும் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும். மோடத்தில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்து, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டில் விட்டேன். வழக்கமான 3389-க்குப் பதில் 3390 என்று மாற்றி வைத்ததைப் பெரிய தந்திரமாக நினைத்திருந்தேன். இன்டர்நெட் முழுவதையும் ராத்திரி பகலாகத் துழாவும் ஸ்கேனர்கள் எந்த எண்ணில் வைத்தாலும் கண்டுபிடித்துவிடும். ஊரடங்கு முடிந்தது, எல்லோரும் ஆபீஸ் வந்தார்கள், போர்ட்டை மூட மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை. யாருக்கும் என்ன, எனக்குத்தான். அதோடு, பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டு லாக் ஆகிவிட்டது என்று தினமும் பத்துப் பேர் போன் செய்கிறார்கள் என்பதற்காக, பலமுறை தவறினால் அக்கவுண்டைப் பூட்டும் வசதியையும் அணைத்து வைத்திருந்தேன். ஆக, எத்தனை ஆயிரம் பாஸ்வேர்டு வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். இப்படித் துழாவுகிறவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் ஸ்கேன், டேலி, அட்மின், பேக்கப் எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கும் பெயர்கள்.

யார் எப்போது என்ன செய்தார்கள் என்று சர்வர் தானாக எழுதி வைக்கும் பதிவேடான செக்யூரிட்டி லாகைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துடைக்கப்பட்டது என்று சொல்லும் 1102 எண் வரி ஒன்று மட்டும் மிச்சம். ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்பில் யார் வந்தார்கள், போனார்கள் என்பதற்கு விண்டோஸ் தனியாக ஒரு லாக் வைத்திருக்கிறது, லோக்கல் செஷன் மேனேஜர் என்று பெயர். அதைத் துடைக்கவில்லை. அதில் 21 என்ற எண்ணில், செவ்வாய்க்கிழமை இரவு 2.11-க்கு 'ஸ்கேன்' உள்ளே வந்திருக்கிறது. ஜெராக்ஸ் மெஷின் ராத்திரி இரண்டு மணிக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து என்ன செய்யும்? அந்த ஒரு வரியை நான் புதன்கிழமை காலை பார்த்திருந்தால் போதும். நாலு ராத்திரி வந்து போயிருக்கிறார்கள். ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்தார்கள், ஃபைல்களின் பழைய நிலையை விண்டோஸ் எடுத்து வைக்கும் ஷேடோ காப்பிகளை அழித்தார்கள், நாஸும் டொமைனில் சேர்ந்திருந்ததால் அதே சாவியில் அதையும் திறந்தார்கள். சனிக்கிழமை சம்பளம் போட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகுதான் பூட்டினார்கள். விண்டோஸ் ஃபோல்டரை மட்டும் தொடவில்லை. மெஷின் ஓடினால்தானே கடிதத்தைப் படிக்க முடியும்.

எம்.டி. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "தம்பி, போனஸ் லிஸ்ட் எங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார். திருப்பூரில் தீபாவளி போனஸ் என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதை நம்பித்தான் துணியெடுப்பு, ஊருக்குப் பஸ் டிக்கெட் எல்லாம். அந்தக் கணக்கு பூட்டிய சர்வரில் இருந்தது. கேட்ட தொகை 30,000 டாலர், அன்றைய மதிப்பில் 25 லட்சம் ரூபாய்க்குப் பக்கம். அன்று மாலைக்குள் எப்படியோ விஷயம் தெரிந்து, டேட்டாவை மீட்டுத் தருகிறோம் என்று ஓர் ஏஜென்ட் வந்து நின்றார். 9 லட்சம் கேட்டார். எப்படித் திறப்பீர்கள் என்று நான் கேட்டதற்குச் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. சாவி இல்லாமல் இந்தப் பூட்டை யாராலும் திறக்க முடியாது. இப்படி வருகிறவர்களில் சிலர் திருடனிடமே பேரம் பேசி வாங்கி, தங்கள் லாபத்தையும் வைத்து நமக்கு விற்கிறார்கள். இலவசமாகத் திறக்கும் வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டிய இடம் நோ மோர் ரான்சம் தளம். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது. பூட்டிய ஃபைல் ஒன்றைக் கொடுத்தால் எந்த வகை, திறப்பான் உண்டா என்று சொல்லும். எங்களுடையதற்கு இல்லை. ஆனாலும் பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்திருக்கிறேன். என்றாவது திறப்பான் வரலாம்.

புகார் விஷயத்திலும் கோட்டைவிட்டேன். இப்படி ஒன்று நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ஆம் தேதியே உத்தரவு வந்துவிட்டது. எனக்கு அது தெரிந்ததே மூன்றாம் நாள்தான். பணம் கைமாறிவிட்டால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அடிக்க வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டம். எங்களைப் போலப் பணம் போகாதவர்கள் தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் பதியலாம். இன்ஷூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் புகார் எண் வேண்டும். ஏற்றுமதி தாமதத்துக்குச் சரக்கு வாங்கும் பையரிடம் காட்டவும் அது உதவியது.

பணம் கொடுப்பதில்லை என்று எம்.டி. திங்கட்கிழமை முடிவெடுத்தார். அப்புறம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தேடத் தொடங்கினோம். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்கவுண்ட்ஸ் அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டேலி பேக்கப்பைத் தன் சொந்த ஹார்ட் டிஸ்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் எதையும் யாரும் செருகக் கூடாது என்று நான் எல்லா மெஷினிலும் தடை போட்டபோது, எம்.டி.யிடம் போய் நின்று தனக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டவர். அதற்காக அவரிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான். திங்கட்கிழமை காலை பழைய துணிப்பையில் சுற்றிய அந்த டிஸ்கை என் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். இரண்டு நாள் பழைய டேலி, முழுசாக.

போனஸுக்கு இன்னொரு வழி கிடைத்தது. மாதாமாதம் பி.எஃப். கட்டுவதற்காக ஏற்றிய இ.சி.ஆர். ஃபைல்களில் ஒவ்வொருவரின் சம்பளமும் இருக்கிறது. அவை பி.எஃப். போர்ட்டலில் பத்திரமாக இருந்தன. வருகைப்பதிவுக்கு விரல் வைக்கும் மெஷின்களின் உள் நினைவகத்திலேயே பழைய பதிவுகள் இருந்தன. இரண்டையும் வைத்து ஆறு பேர் ஐந்து ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். துணி வெட்டும் பேட்டர்ன் ஃபைல்கள் யூனிட் 2-இல் டிசைன் வரையும் கேட் (CAD) கம்ப்யூட்டரில் கிடைத்தன. யூபிஎஸ் எரிந்துபோய் அது ஒரு வாரமாக அணைந்தே கிடந்தது. ரிப்பேருக்கு ஆள் கூப்பிடாததற்கு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். 2017-இல் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் டொமைனை ஆளும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாம் அழிந்தும், கானாவில் கரண்ட் போய் ஒன்று அணைந்திருந்ததால் அது மட்டும் தப்பித்தது என்று படித்திருக்கிறேன். அவர்களுக்கு மின்வெட்டு, எங்களுக்கு எரிந்த யூபிஎஸ்.

பழைய டொமைனை நம்ப முடியாது என்று புதிதாகக் கட்டினோம். பழையதையே வைத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தால் டொமைனில் எல்லா அனுமதிச் சீட்டுக்கும் முத்திரை குத்தும் கேஆர்பிடிஜிடி (krbtgt) என்ற அக்கவுண்டின் பாஸ்வேர்டை இரண்டு முறை, நடுவில் குறைந்தது 10 மணி நேரம் விட்டு, மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வந்தவன் தனக்கே அனுமதிச் சீட்டு அடித்துக்கொண்டு திரும்ப வருவான். புதிய டொமைனில் யாரைச் சேர்ப்பது என்று பழைய யூசர் பட்டியலை எடுத்தேன். 212 பெயர் உயிரோடு இருந்தது. எச்.ஆர். ரிஜிஸ்டரில் கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறவர்கள் 94 பேர். ஒன்பது வருடமாக எந்த மேசையில் எந்த மெஷின், எதற்கு எத்தனை ஜிபி ராம் என்று எக்செல் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு நாளும் எண்ணவில்லை. எச்.ஆர். மேடமும் நானும் ஒவ்வொரு பெயராக வாசித்தோம். வேலையை விட்டவர்கள், போட்டிக் கம்பெனிக்குப் போனவர்கள், ஈஆர்பி மென்பொருள் போட்டுக்கொடுத்த வெளி ஆட்கள். 2021-இல் கொரோனாவில் இறந்துபோன சீனியர் மெர்ச்சண்டைசர் (பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) ஒருவரின் பெயரும் வந்தது. கடைசியாக லாகின் ஆனது முந்தின மாதம். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விசாரித்தால், அவர் மெயிலில் பழைய பையர் விவரம் எல்லாம் இருக்கிறதென்று அந்த டீம் பையன்கள் அவர் பாஸ்வேர்டையே புழங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தப்பான எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இப்போது வேலையை விடுபவரின் செட்டில்மென்ட் பேப்பரில் என் கையெழுத்து இல்லாமல் செக் போகாது. ஒருவர் போகிறார் என்று ஐ.டி.க்கு மெயில் அனுப்புங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் நடக்காது. பணத்தோடு முடிச்சுப் போட்டால் தானாக நடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஆர். பட்டியலையும் யூசர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், ஒரு மணி நேர வேலை. எனக்கே இப்போது இரண்டு அக்கவுண்ட். மெயில் பார்க்க, பிரவுஸ் செய்ய ஒன்று. சர்வரைத் தொட மட்டும் இன்னொன்று, அதை சாதாரண மெஷின்களில் போடவே மாட்டேன். டொமைன் அட்மின்ஸில் முன்பு 11 பேர், இப்போது 2. ஸ்கேனருக்கு ஒரே ஒரு ஃபோல்டரில் எழுதும் உரிமை, வேறு எங்கும் லாகின் ஆக முடியாது. 110 மெஷினிலும் ஒரே லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு வைத்திருந்தேன். ஒன்று தெரிந்தால் எல்லாம் தெரிந்தது. விண்டோஸ் லாப்ஸ் 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸிலேயே வருகிறது, ஒவ்வொரு மெஷினுக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டை அதுவே மாற்றி வைக்கும், காசும் இல்லை. பிரிண்டர், கேமரா, விரல் மெஷின் எல்லாம் தனி விலானில், அதாவது நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்த பகுதியில். ஒரு பிசியிலிருந்து இன்னொரு பிசிக்கு, ஃபைல் பகிரும் 445 போர்ட் கிடையாது. வெளியிலிருந்து வர விபிஎன் என்ற பாதுகாப்பான தனிவழி மட்டும், அதற்கும் பாஸ்வேர்டு போட்டபின் போனில் இரண்டாவது உறுதி.

அந்த இரண்டாவது உறுதிக்குத்தான் சண்டை. எம்.டி., "எனக்கெதுக்குத் தம்பி அதெல்லாம்?" என்றார். 2021-இல் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் நின்று பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றதே, அதற்குக் காரணம் யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் அக்கவுண்ட், அதில் இரண்டாவது உறுதி இல்லை என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், எது வந்தாலும் அப்ரூவ் அழுத்திக்கொண்டிருக்கிறார். மெர்ச்சண்டைசர் பெண் ஒருத்தியும், "ராத்திரி சும்மா சும்மா அடிச்சுதுங்கண்ணா, தூங்க உடல, அமுக்கிட்டேன்" என்றாள். நல்லவேளையாக, பழைய லேப்டாப் ஒன்று தானாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் அது. அன்றே திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடித்தால்தான் உள்ளே விடும் என்று மாற்றினேன். உங்கள் ஆப்பில் இந்த வசதி இருந்தால் முதல் நாளே போடுங்கள். முப்பது நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லும் விதியை எடுத்துவிட்டேன். முருகன்@10, முருகன்@11 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டின் வழிகாட்டியே 2017-இல் அதைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

நாஸ் இப்போது டொமைனில் இல்லை. அதற்கு வேறு பாஸ்வேர்டு, அது என் தலையிலும் எம்.டி. லாக்கரிலும் மட்டும். சர்வர் நாஸுக்குள் எழுதுவதில்லை, நாஸ்தான் சர்வரிலிருந்து இழுத்துக்கொள்கிறது. மாறி மாறிச் செருகும் இரண்டு ஹார்ட் டிஸ்க் வெள்ளிக்கிழமைகளில் வெளியே போகிறது. யாருடைய பையில் என்று சொல்லத் தேவையில்லை. மாதம் ஒரு ஃபோல்டரை நிஜமாகவே திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். முதல் தடவை எடுத்தபோது பாதி ஃபைல் வரவில்லை.

செலவுக் கணக்கு: பேக்கிங் லிஸ்ட் இல்லாமல் தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்ட சரக்கை விமானத்தில் அனுப்ப 7.4 லட்சம். புது சர்வர், ஃபயர்வால் 4.1 லட்சம். வெளியிலிருந்து வந்த நிபுணருக்கு 1.2 லட்சம். ஓவர்டைம், சாப்பாடு, டேட்டா எண்ட்ரி 1.1 லட்சம். மொத்தம் 13.8 லட்சம், 11 நாள். போனஸ் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு கொடுத்துவிட்டோம். எனக்கு அந்தப் பதினோரு நாளில் நாலு கிலோ குறைந்தது. ராத்திரி போன் அடித்தால் இன்றும் நெஞ்சு ஒரு அடி அடித்துவிட்டுத்தான் கை போகும்.

கடைசியாகச் செய்த ஏற்பாடு ஒன்று. மெயின் சுவிட்சிலிருந்து போகும் இரண்டு ஒயரில் சிவப்பு டேப் சுற்றி, ராத்திரியில் ஏதாவது மெஷின் தானாக ஓடினால் இதைப் பிடுங்கிவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள் என்று வாட்ச்மேன் அண்ணனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். "ரண்டையும் புடுங்குனாப் போதுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். போன மார்ச்சில் ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்குப் பிடுங்கிவிட்டார். அவசர ஷிப்மென்ட்டுக்காக யூனிட் 2-இலிருந்து யாரோ ஸ்டிக்கர் அடித்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் வேலை நின்றது, பேக்கிங் மேனேஜர் எனக்குப் போன் போட்டுக் கத்தினார். அடுத்த நாள் அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.